கேக்கின் உச்சிக்கு ஒரு கதலிச் சீப்பு

நான் செய்த வாழைப்பழத்தை மான் தின்றுவிட்டது என்று நம்பினேன். சும்மா சந்தேகப்படவில்லை, முழுதாக நம்பினேன். நம்பியதோடும் நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பட்டுச் சட்டையோடு, மண்டபத்தின் பின்வளவிலிருந்து கடற்கரை வீதி வரைக்கும் அந்த மானுக்குப் பின்னால் ஓடினேன்.

வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருகோணமலையில் மான் என்பது காட்டில் போய்ப் பார்க்கிற பிராணி இல்லை. பஸ் நிலையத்தில் நிற்கும். சந்தையில் கழித்துப்போட்ட முட்டைக்கோவா இலையைத் தின்னும். ஆட்டோ ஹோர்ன் அடித்தால் விலகாது, அடித்தவனைத் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பின்னால் இந்த ஊரில் ஒருவரும் ஓடுவதில்லை. அன்றைக்கு ஓடியது நான் ஒருவன்தான். அந்த நேரம் அந்த வீதியால் போனவர்களில் பாதிப்பேர் என்னைத் தெரிந்தவர்கள்.

அந்த வாழைப்பழம் சீனியால் செய்தது. அதைச் சொல்லாவிட்டால் என் ஓட்டம் யாருக்கும் விளங்காது.

என் மனைவி வீட்டில் கேக் செய்து கொடுக்கிறவள். எங்கள் குசினியின் ஒரு பக்கம் சோறு கறிக்கு, மற்றப் பக்கம் கேக்குக்கு. இரண்டுக்கும் நடுவில் நான் நிற்கக் கூடாது என்பது சட்டம். நான் துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பொறுப்பாக இருக்கிறேன். கயிறு, பெயின்ற் வாளி, ஆணி, கிறீஸ், இதுதான் என் உலகம். கேக்குக்கும் எனக்கும் இருந்த தொடர்பு, அவள் வெட்டிக் கழிக்கிற ஓரங்களைத் தின்பதோடு முடிந்துவிடும்.

கேக்குக்கு மேலே வைக்கிற பூ, பழம், பொம்மை எல்லாம் சுகர் பேஸ்ட்டில் செய்வது. ஐசிங் சீனியோடு ஜெலட்டினும் குளுக்கோஸும் கொஞ்சம் கிளிசரினும் சேர்த்துக் கொழுக்கட்டை மாவு மாதிரிப் பிசைந்தால் அதுதான் சுகர் பேஸ்ட். என் மனைவி அதில் ரோசாப்பூ செய்தால் வண்டு வந்து ஏமாறும். ஆனால் பழம் வராது. பூவிதழ் கையில் நிற்பது கண் இமைக்கிற நேரம். பழத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவளுடைய கை சூடு. உருட்ட உருட்டப் பேஸ்ட் இளகி, பிசுபிசுத்து, மாம்பழம் செய்யத் தொடங்கியது மாம்பழச் சாறாகி முடியும்.

ஒருநாள் பின்னேரம் அப்படி ஒரு மாம்பழத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றவள் என்னைக் கூப்பிட்டாள்.

"என்னப்பா, உங்கட கையை ஒருக்காத் தாங்கோ."

கலியாணம் கட்டி இத்தனை வருசத்துக்குப் பிறகு இப்படியொரு வார்த்தை! நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் அதில் ஒரு மஞ்சள் உருண்டையை வைத்தாள்.

"உருட்டுங்கோ. செத்த மீன் மாதிரிக் குளிர்ந்துபோய்க் கிடக்கிற கை. ஒண்டுக்காவது உதவட்டும்."

என் கை குளிர்ந்த கைதான். சித்திரை வெயிலிலும் குளிரும். பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போது நான் தூக்கினால் வீரிட்டு அழுதார்கள். கைகொடுத்த மனிதர்கள் தங்கள் கையை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கையில் பேஸ்ட் சொன்னபடி கேட்டது. ஒட்டவில்லை, இளகவில்லை. உருண்டு, நீண்டு, பக்கம் கொஞ்சம் உப்பி, மூக்கு வளைந்து வந்தது. நான் பெருமையோடு அதை மேசையில் வைத்தேன்.

மனைவி குனிந்து பார்த்தாள். "இதென்ன, காதோ?"

"மாம்பழம்."

"சரி. இன்னொண்டும் செய்யுங்கோ. ஒரு ஆளுக்கு ரெண்டு காது வேணும்."

அப்படித்தான் தொடங்கியது. தொடங்கியபிறகு என்னைப் பிடிக்க ஏலாது. தோடம்பழம், அதுதான் ஒரேஞ்ச், செய்து, கரட் துருவுகிற தகட்டில் மெல்ல உருட்டினால் தோலில் அந்தச் சின்னச் சின்னக் குழி விழுகிறது. அதைக் கண்ட அன்று நான் குசினியில் துள்ளிய துள்ளலில் மேலே இருந்த தட்டு ஒன்று விழுந்தது. காம்புக்கு ஒரு கராம்பைக் குத்தினால், அட, தோடம்பழமே! அன்னாசிக்குக் கத்தரிக்கோல் நுனியால் வரிசை வரிசையாகக் கிள்ள வேண்டும். நாவற்பழத்துக்கு ஊதாவில் ஒரு பொட்டுக் கறுப்பு. மாம்பழத்தின் கன்னத்தில் சிவப்புத் தூளைத் தூரிகையால் தடவும்போது மூச்சுவிடக் கூடாது. விட்டால் தூள் முழுக்க மூக்குக்குள். பாலைப்பழம்தான் சுகம், மஞ்சளாக ஒரு துளி, அவ்வளவுதான். கப் கேக்குக்கு மேலே அதை ஐந்தாறாகக் குவித்து வைத்தால், பாலைப்பழக் காலத்தில் வீதியோரம் விற்கிற கடதாசிச் சுருள் நினைவுக்கு வரும்.

வேலைக்குப் போகிற வழியில் சந்தையில் நின்று பழங்களைப் பார்க்கத் தொடங்கினேன். வாங்க இல்லை. மாம்பழத்தின் தோளில் பச்சை எந்த இடத்தில் மஞ்சளாகிறது, கொய்யாவின் அடியில் அந்தக் கறுத்த காய்ந்த இதழ் எப்படிச் சுருள்கிறது என்று பார்க்க. ஒரு பழத்தைத் தூக்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்குவேன். பழக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"அண்ணை, பழம் வாங்க வந்தனீங்களோ, பொம்பிளை பார்க்க வந்தனீங்களோ?"

இந்த நிலையில்தான் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற தங்கச்சி வந்தாள். கூடப் பிறந்த தங்கை இல்லை. என்னை அண்ணை என்றும் என் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுகிறவள். அவளுடைய மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. மண்டபம் எடுத்தாயிற்று, சம்பூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் சொந்தக்காரர் வருகிறார்கள். ஆனால் மகள் மேடையில் ஏறமாட்டேன் என்கிறாள்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னால நகைக்கடை மாதிரி நிக்க ஏலாதாம். மூண்டு நாளாச் சண்டை. கடைசியா ஒரு சொல்லுக்குச் சம்மதிச்சிருக்கிறாள்," என்றாள் தங்கச்சி.

"என்ன சொல்?"

"சீலை நாங்கள் சொல்லுறது, நகை நாங்கள் சொல்லுறது, ஐயர் சொல்லுற நேரம். கேக் மட்டும் அவள் சொல்லுறதாம்."

பிள்ளை தாய்க்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேச்சுவார்த்தைக்கு வந்த ஆள் மாதிரி இருந்தாள். ரோசாப்பூ நிறம் வேண்டாமாம். பொம்மை வேண்டாமாம். மாளிகை, அன்னம், கிரீடம் ஒன்றும் வேண்டாமாம். எங்கள் ஊரில் காய்க்கிற பழங்கள் மட்டும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், முழுதாக ஒரு கதலிச் சீப்பு.

"ஏன் பிள்ளை கதலி?" என்று கேட்டேன்.

"எனக்கு விருப்பம்," என்றாள். பிறகு ஒரு விரலை நீட்டினாள். "ஆனா மாமா, கடிச்சா உள்ளுக்கும் பழம் மாதிரி இருக்கோணும். வெளியில மட்டும் மஞ்சள் எண்டால் அது பொய். நான் மேடைக்கு வாறதுக்கு முதல் கேக்கைப் பார்ப்பன். கதலி இல்லாட்டி வரமாட்டன்."

தாய் என்னைப் பார்த்த பார்வையில் பகிடி இல்லை. "அண்ணை, இவள் சொன்னால் செய்வாள். அறைக்குள்ள இருந்து பூட்டிப்போடுவாள். இவ்வளவு சனத்துக்கு நான் என்ன பதில் சொல்லுறது? உங்கட கையிலதான் இருக்கு."

என் குளிர்ந்த கையில். எனக்குப் பெருமை உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

அந்தக் கதலிக்கு நான் பட்ட பாட்டை இன்னும் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. சொல்லத் தொடங்கினாலே எழும்பிப் போய்விடுகிறார்கள். முதலில் வெண்மையும் மஞ்சளும் கலந்த பேஸ்ட்டில் உள்பழம். அதன் நடுவில், பல்லுக்குத்துகிற குச்சியால் கொக்கோவைத் தொட்டுத் தொட்டு, விதை ஓடுகிற அந்த மெல்லிய கறுப்புக் கோடு. அதற்கு மேலே மெல்லிசாகத் தேய்த்த மஞ்சள் பேஸ்ட்டைத் தோலாகச் சுற்ற வேண்டும். கத்தியின் முதுகால் அழுத்தி விளிம்பு எடுக்க வேண்டும். நுனியில் கறுப்பு, காம்பில் பச்சை, நடுவில் அங்கங்கே மண்ணிறப் புள்ளி. பெரிய கதலி இல்லை, விரல் அளவு. அதனால் இன்னும் பாடு. காய்ந்ததும் காம்புகளில் தண்ணீர் தொட்டு ஒன்றோடொன்று ஒட்டிச் சீப்பாக்கினேன்.

எங்கள் ஊரில் சீனிக்கு எதிரி எறும்பு மட்டும் இல்லை, கடற்காற்றும்தான். மாரி தொடங்குகிற காலம் பேஸ்ட் வியர்க்கும். பிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் கண்ணீர் விட்டு அழும். மின்விசிறிக்குக் கீழே திறந்தபடி காய விட வேண்டும். நான் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்தேன். வீட்டில் யாராவது தும்மினால் எழும்பி நின்றேன். மனைவி கேட்டாள், "என்னப்பா, அது முட்டை இட்டதோ? அடை காக்கிறியளோ?"

மாதிரிக்குச் செய்த ஒரு பழத்தைப் பார்க்கப் பிள்ளை வந்தாள். கையில் எடுத்துத் திருப்பினாள். தோலோடு பாதியைக் கடித்து, கடித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே வெண்மை. நடுவே கோடு.

"ஓம். இதுதான்," என்றாள். மிச்சத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு யாராவது என்னைத் துறைமுகத்தில் ஒரு கப்பலோடு கட்டி வைத்திருந்தால் கப்பலையும் இழுத்துக்கொண்டு பறந்திருப்பேன்.

விழா நாள் காலை, கேக்கும் மனைவியும் ஒரு வான் வண்டியில். கதலிச் சீப்பு தனித் தட்டில், என் மடியில், ஆட்டோவில். ஒவ்வொரு குழிக்கும் நான் "மெல்ல, மெல்ல" என்றேன். ஆட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அண்ணை, பிள்ளைத்தாச்சியை ஏத்தினாலும் நான் இதைவிடக் கெதியாப் போறனான்."

மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் கேக் மேசை. மனைவி மாம்பழம், அன்னாசி, கொய்யா எல்லாவற்றையும் தன் தன் இடத்தில் வைத்தாள். கதலியை நான் கொண்டுபோனதும் கையைக் காட்டித் தடுத்தாள்.

"இப்ப வேண்டாம். இந்த லைற் எல்லாம் சூடு, உருகிப்போம். பிள்ளை பார்க்கிற நேரத்துக்கு வைப்பம். காத்துப் படுகிற இடமா எங்கயாவது வையுங்கோ."

பின்விறாந்தையில் ஒரு நீண்ட மேசை இருந்தது. மேலே மின்விசிறி சுற்றியது. பெண்கள் கொண்டுவந்த சாமான்கள் மேசையில் கிடந்தன, தேங்காய், வெற்றிலை, பூமாலை, வெறும் தட்டங்கள். ஒரு மூலையில் இடம் பிடித்து என் தட்டை வைத்தேன். பால் விடாத ஒரு பிளேன்ரீயும் ஒரு வடையும் சாப்பிடப் போனேன். உண்மையைச் சொன்னால் இரண்டு வடை.

திரும்பி வந்தபோது தட்டு இருந்தது. கதலி இல்லை. தட்டில் கொஞ்சம் மஞ்சள் தூள் மட்டும்.

முதலில் மேசைக்குக் கீழே பார்த்தேன். பிறகு, இதை எப்படிச் சொல்வது, என் சட்டைப் பையிலும் பார்த்தேன். ஒரு சீப்புக் கதலி சட்டைப் பையில் இருக்குமா என்று கேட்காதீர்கள். அந்த நேரம் மூளைக்கு லீவு.  நிமிர்ந்தால் பின்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் வளவில், கழித்துப்போட்ட வாழையிலைக் குவியலுக்குப் பக்கத்தில், ஒரு கொம்பன் மான். வாயில் மஞ்சளாக ஏதோ தொங்குகிறது.

"ஐயோ, என்ர கதலி!" என்று நான் கத்தியது பந்தி வரைக்கும் கேட்டதாம்.

மான் நிதானமாக நடந்தது. நான் ஓடினேன். நான் ஓடுவதைக் கண்டு அதுவும் கொஞ்சம் ஓடியது. வளவைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, கடற்கரை வீதிக்கு இரண்டு பேரும் வந்து சேர்ந்தோம். அங்கே கச்சான், அதுதான் வேர்க்கடலை, விற்கிறவர் வண்டிலோடு நின்றார்.

"என்னண்ணை, மானுக்குப் பின்னால?"

"என்ர வாழைப்பழத்தைத் திண்டிட்டுது!"

"ஒரு வாழைப்பழத்துக்கோ இந்த ஓட்டம்?"

"ஒரு சீப்பு!"

"அந்தக் கடையில தொங்குது. இன்னொரு சீப்பு வாங்குங்கோவன்."

"அது சீனியால செய்தது!"

அவர் மானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப பாவம், அதுக்குச் சீனி வருத்தம் வரப்போகுது."

மான் மதிலோரம் நின்று வாயில் கிடந்ததை மென்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அது பழுத்த வாழையிலை. புத்தி உள்ள மனிதன் அந்த இடத்தில் திரும்பியிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பழத்தைத் தின்று முடித்துவிட்டு இப்போது இலையைத் தின்கிறது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மான் கழுத்தை நீட்டி என் கையை நக்கியது. காலையிலிருந்து ஐசிங் சீனி பிடித்த கை. எனக்கு அது போதும். ருசி கண்டுவிட்டது! இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

போன் அடித்தது. மனைவி.

"எங்க நிக்கிறியள்? பிள்ளை சோடிச்சு முடிஞ்சுது. கேக்கின்ர படம் கேட்கிறாள். கதலியைக் கொண்டு வாங்கோ."

"கதலி இல்லை. மான் திண்டிட்டுது."



"ஆர் திண்டது?"

"மான்."

"நீங்கள் என்ன குடிச்சனீங்கள்?"

"பிளேன்ரீ, அப்பா, பிளேன்ரீ!"

புதிதாகச் செய்ய நேரம் இல்லை. செய்தாலும் காயாது. பிள்ளை அறைக்குள் இருக்கிறாள், கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்கிறது, சனம் கதிரைகளில் நிறைந்துவிட்டது. கச்சான்காரர் காட்டிய கடையில், கயிற்றில், ஒரு கதலிக் குலை தொங்கியது. விரல் அளவு. அங்கங்கே மண்ணிறப் புள்ளி. நான் பார்த்துப் பார்த்துச் செய்த அதே புள்ளி. ஒரு சீப்பை வெட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு திரும்பவும் ஓடினேன். இந்தமுறை மான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மனைவி சீப்பைக் கையில் வாங்கியதும் கனத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"இது மெய்ப்பழமெல்லோ!"

"ஓம். இதைவிட வேற வழி இருந்தால் சொல்லும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சேலைத் தலைப்பால் ஒவ்வொரு பழத்தையும் துடைத்தாள். பிறகு தன் பையிலிருந்து மஞ்சள் தூளும் தூரிகையும் எடுத்து மேலே தடவத் தொடங்கினாள்.

"இதென்ன செய்யிறீர்?"

"கொஞ்சமாவது செய்த மாதிரித் தெரியோணும்," என்றாள்.

உச்சியில் வைத்தோம். படம் எடுத்து அனுப்பினோம். நான் போனைப் பார்த்தபடி நின்றேன், பரீட்சை முடிவு பார்க்கிற பையன் மாதிரி. பதில் வந்தது. நாலு இதயம், ஒரு வரி. "சூப்பர் மாமா, வாறன்."

வந்தாள். தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை, நடக்கும்போதே பாரத்தில் ஒரு பக்கம் சரிந்தபடி. தாயின் முகத்தில் மூன்று நாளைக்குப் பிறகு இரத்தம் ஓடியது. பிள்ளை மேடையேறுமுன் கேக் பக்கம் திரும்பி, கதலியைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வெளியில மட்டும் மஞ்சள் எண்டால் அது பொய்" என்று அவள் சொன்னது என் காதில் கேட்டது. இது உள்ளுக்கும் பழம்தான், ஆனால் அதைவிடப் பெரிய பொய். எனக்கு வியர்த்தது. பேஸ்ட்டைவிட அதிகமாக.

அதற்குள் கேக்கைச் சுற்றிச் சனம் கூடிவிட்டது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அந்தக் காம்பைப் பாருங்கோ! என்ன நுணுக்கம்! இதைச் செய்தது நீங்களோ?"

"கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான்," என்றேன். ஓடிய ஓட்டத்தைச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி என் முழங்கைக்கு மேலே கிள்ளிய இடம் ஒரு கிழமை நீலமாக இருந்தது.

ஆராத்தி தொடங்கியது. எங்கள் பக்கத்தில் ஆராத்தித் தட்டில் வாழைப்பழத்தைத் தோலோடு குறுக்கே வெட்டி, மூன்று துண்டை நிமிர்த்தி வைத்து, ஒவ்வொன்றிலும் எண்ணெயில் தோய்த்த திரியைக் குத்திக் கொளுத்துவார்கள். பெண்கள் இரண்டு இரண்டு பேராக மேடையேறி, பிள்ளைக்கு முன்னால் தட்டைச் சுற்றி எடுப்பார்கள். முதல் சோடி ஏறியது. தட்டைத் தூக்கியது.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. எண்ணெய்த்திரி மணம் இல்லை. கற்பூரமும் இல்லை. மில்க் ரொபி கிண்டும்போது சட்டி அடிப்பிடித்தால் வருமே, அந்த மணம். முன்வரிசையில் சிறுவர்கள் எல்லாரும் ஒரேயடியாக மூக்கை நிமிர்த்தினார்கள். மேடையில் தட்டுப் பிடித்த பெண் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒரு திரி மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. திரி நின்ற பழம் கூழாகிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, பழம் உருகுது!" என்றாள்.

பெரியம்மா என்பது பிள்ளையின் தாய்க்கு மூத்த சகோதரி. ஆராத்தித் தட்டுகளுக்கு அவர்தான் பொறுப்பு. மேடைக்குக் கீழே அடுத்த தட்டோடு நின்றார்.

"பழம் எங்கயடி உருகிறது? சுத்து, சுத்து!"

"மெய்யா உருகுது. நீங்கள்தானே வெட்டினீங்கள்?"

"நான்தான் வெட்டினனான். மேசையில நல்ல கதலிச் சீப்பு ஒண்டு கிடந்துது. வெட்டேக்க கத்தியில எப்பன் ஒட்டினதுதான். கனியக் கனிஞ்ச பழம் எண்டு நினைச்சன்." கையிலிருந்த தட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "சிவசிவா, இது சீனி மணக்குதடி!"

நான் எட்டிப் பார்த்தேன். வெண்மையான துண்டு. சுற்றிவர மெல்லிய மஞ்சள் தோல். நடுவில், குச்சியால் தொட்டுத் தொட்டு நான் வைத்த கறுப்புக் கோட்டின் நேர்மேலே, ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது. 

பிள்ளைக்கு நேரே பார், அசையாதே என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவளுடைய கண்கள் மட்டும் அசைந்தன. தட்டைப் பார்த்தாள். கேக்கின் உச்சியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மண்டபத்தின் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

"மாமா," என்றாள். வீடியோக்காரர் பக்கத்தில் மைக் வைத்திருந்தார். மண்டபம் முழுக்கக் கேட்டது. "இது நீங்கள் செய்த கதலி எண்டால், அப்ப அது என்ன?"

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். எல்லாருமே பார்த்தார்கள். ஒரு நல்ல பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"அது... கடைக் கதலி, பிள்ளை."

தாய் தலையில் கை வைத்தாள். பிள்ளை மேடையின் படியைப் பார்த்தாள். ஒரு படி, இரண்டு படி, அதற்குப் பிறகு அறைக் கதவு. நான் செய்த சீனிப் பழத்தில் எண்ணெய் குமிழி விட்டது. ஒரு திரி முழுதாக விழுந்து, உருகினதற்குள் படுத்துக்கொண்டு, ஆனாலும் எரிந்தது.

அதைக் கண்டுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு நகைகள் குலுங்கின. நெற்றிச்சுட்டி ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம். சோடித்துவிட்ட பெண் "கண் மை, கண் மை!" என்று கீழேயிருந்து கத்தினாள். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியம்மா சிரித்தார். தட்டுப் பிடித்த இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தட்டு சரியப் பார்த்தது. படமெடுக்கிறவர் நிறுத்தாமல் அடித்துத் தள்ளினார்.

"பெரியம்மா, முழுக்க வெட்டிப்போட்டியளோ? மிச்சம் இல்லையோ?" என்று கேட்டாள்.

"ரெண்டு பழம் பின்னுக்குக் கிடக்கு."

"கொண்டு வாங்கோ. ஆரும் அதில திரி குத்தக் கூடாது!"

நடந்தது இவ்வளவுதான். ஆராத்தித் தட்டில் எரிந்தது நான் செய்த சீனிக் கதலி. கேக்கின் உச்சியில் இருந்தது கடையில் வாங்கிய கதலி. பிள்ளை மேடையை விட்டு இறங்கவில்லை. பழம் உருகின தட்டுகளைக் கடைசிச் சோடி வரைக்கும் சுற்ற விட்டு நின்றாள். மிச்சமிருந்த இரண்டு பழத்தையும் கேக்கின் உச்சியில் வைத்துவிட்டுக் கேக்கை வெட்டினாள். ஒரு பழத்தைத் தோலோடு தானே சாப்பிட்டாள், மற்றதைத் தாய்க்கு ஊட்டினாள்.